படியைத் தட்டும் குதிகால்

மதியம் ஆனால் இந்த அம்மா சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைப்பார், மூடிமேல் கையை வைப்பார், திறக்க மாட்டார். கண் மட்டும் எதிரே உள்ள திரையில் இருக்கும். பாதிச் சாப்பாட்டை முடித்துவிட்ட பக்கத்து மேசைக்காரர், "ஏம்மா, அது டப்பாவா, உண்டியலா? திறந்து சாப்பிடுங்க" என்பார். "இருங்க சார், பசங்க விளையாடி முடிச்சு உள்ள போகட்டும்" என்பதுதான் தினமும் இவர் பதில்.

கடலுக்கடியில் நிலம் நடுங்கினால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய அலுவலகம் அது. ஆழத்தில் கிடக்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கோடு. நிலம் சும்மா இருந்தால் கோடும் சும்மா கிடக்கும், நடுங்கினால் துள்ளும். துள்ளல் பெரிதானால் அறையே எழுந்து நிற்கும், இவர் மட்டும் எழ மாட்டார். உட்கார்ந்தபடியே எங்கே, எவ்வளவு ஆழம், அலை எழும்புமா என்று கணக்குப் போட்டுத் துறைமுகத்துக்கு ஃபோன் செய்துவிடுவார். அதனால் 'அசையாச்சொத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இவருக்கும் தெரியும். "வரி கட்டாத சொத்துப்பா" என்று சிரிப்பார்.

இரைச்சல் என்றால் இவருக்கு ஆகவே ஆகாது. கடலுக்குள்ளிருந்து அந்தக் கருவிகளின் கேபிள் கரையேறும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் மூலையறையில் உள்ள கருவிதான் திரையின் கடைசிக் கோடு. அந்த அறையை ஒட்டி யாரோ தண்ணீர் மோட்டார் வைத்துவிட, அதை நகர்த்தும்வரை ஒற்றைக்காலில் நின்றார். "நிலம் பேசுறதைக் கேக்கத்தான் எனக்குச் சம்பளம். உங்க மோட்டார் பேசுறதை நான் எதுக்குக் கேக்கணும்?"

இடைவேளை மணி அடித்ததும் அந்தக் கோடு கம்பளிப்பூச்சி மாதிரித் தடித்துவிடும். ஓட்டம், துரத்தல், சண்டை எல்லாம் அதில் சேர்த்தி. இந்த ஆண்டு புதிதாக இன்னொன்றும் வந்தது. டக், டக், டக் என்று ஒரே சீராகச் சின்னச் சின்ன முட்கள். கருவி கெட்டுப்போச்சு என்று பதறி, ஒரு மதியம் நேரிலேயே போனார். கருவி நன்றாகத்தான் இருந்தது. மூலையறையின் உயரமான வாசல்படியில் இவருடைய மகள் தனியாக உட்கார்ந்து, காலை ஆட்டிக் குதிகாலால் படியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முந்தின நாள்கூட, "இன்னிக்குச் செம்ம ஆட்டம்மா!" என்று சொன்னவள்.

இவர் சுவரோரம் ஒளிந்து நின்றுவிட்டு, வகுப்பு டீச்சரிடம் போய், "யாரையாவது அவகூட விளையாடச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார்.

"நான் சொல்லி வர்ற பிள்ளை ரெண்டு நாளைக்குத்தான் வரும்மா. பக்கத்துல உக்கார்ற பொண்ணை மாத்தியிருக்கேன். நானும் ஒரு கண்ணு வெச்சிருக்கேன். கொஞ்சம் பொறுங்க" என்றார் டீச்சர்.

பொறுப்பதுதான் இவர் தொழிலே. அன்று ஆரம்பித்ததுதான் இந்த டப்பா விரதம். அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும்போது தனக்கு மட்டும் சோறு எப்படி இறங்கும் என்பது இவர் கட்சி. மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "செம்ம ஆட்டமாடி? சரி தங்கம்" என்று தலையைப் பின்னி விடுவதோடு சரி. அம்மா வருத்தப்படக் கூடாதென்று பொய் சொல்கிற பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிக்க யாருக்கு மனசு வரும்?

"அந்தப் படியில யாரும் உக்காரக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சுடலாமே" என்று பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் சீண்டினார். "மோட்டாருக்கு ஒரு நியாயம், உங்க பொண்ணுக்கு ஒரு நியாயமா?"

"ஆமா சார், அப்படித்தான். மோட்டாரை நானா பெத்தேன்?"

போன வாரம் ஒரு மதியம், டக்குக்கும் டக்குக்கும் நடுவில் இன்னொரு டக் விழுந்தது. கொஞ்சம் கனமாக, தாளம் தப்பி. இவர் விரல்கள் டப்பா மூடியை இறுக்கிப் பிடித்தன.

"சார், ஓடி வாங்க. இது ரெண்டு பேர் காலுதானே?"

பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ரெண்டு பேரேதான். புதுசா வந்த ஆள் நல்லா சாப்பிடுற ஆள் போலிருக்கு."

சிரித்து முடிப்பதற்குள் இரண்டு தட்டலும் ஒன்றாக நின்றுவிட்டன.

"ஐயோ, எங்கேம்மா போச்சு?" என்றார் அவர்.

இவர் திரையை உற்றுப் பார்த்தார். கோடு முன்னைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். அந்த இரைச்சலுக்குள் எந்தக் கால் யாருடையது என்று இனி எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஓடிட்டாங்க சார். ரெண்டும் எழுந்து ஓடிடுச்சுங்க."

இடைவேளை முடிய இன்னும் நேரம் இருந்தது. இவர் டப்பாவைத் திறந்தார். மூடியில் ஒரு பங்கை வைத்து, ஏற்கெனவே சாப்பிட்டுக் கை கழுவியிருந்த பக்கத்து மேசைக்காரர் பக்கம் தள்ளினார்.