மாமன் வீட்டுப் பதிவேடு

ஒபிரியின் தங்கும் அனுமதி முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை எடுத்துப் பார்ப்பான். மூட்டை கட்டும்போது இடையில் இரண்டு முறை பார்ப்பான். பார்க்கப் பார்க்கத் தேதி மாறிவிடப் போகிறதா என்ன? இருந்தாலும் கை சும்மா இருக்காது.

குவாங்சோவில் அவனுக்கு இது பதினோராவது வருஷம். ஷியாவ்பெய் மேம்பாலத்துக்குக் கீழே, ஆப்பிரிக்க வியாபாரிகள் வாங்கும் துணியையும் செருப்பையும் மூட்டை கட்டிக் கப்பலுக்கு அனுப்பும் சின்னக் கடை. கடை மனைவி மெய்ஜென் பெயரில் இருந்தது. மூட்டை கட்டுவது அவன், பேசுவது அவள். லாரிக்காரன், கடை முதலாளி, போலீஸ், மகளின் பாலர் பள்ளி ஆயா என்று எல்லோரிடமும் அவள்தான் பேசுவாள். சண்டை போடுவதும் அவள்தான். அவனுக்குத் தெரிந்த சீனமெல்லாம் எத்தனை கிலோ, என்ன விலை, கப்பல் எப்போது என்பதோடு சரி. அதை வைத்துக்கொண்டு சரக்கு அனுப்பலாம். ஒருவரிடம் போய் அழ முடியாது.

பதினோரு வருஷம் கழித்தும் டாக்சிக்காரர், "பரவாயில்லையே, நம்ம பாஷை பேசறியே. எப்ப வந்தே, எப்ப திரும்பிப் போறே?" என்று கேட்பார். மெட்ரோவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவன் பக்கத்து இடம் கடைசியில்தான் நிரம்பும். மேம்பாலத்தில் ஆயிரம் பேர் நடக்க, போலீஸ்காரர் அவனைத்தான் கைகாட்டிக் கூப்பிடுவார். இதெல்லாம் கொசுக்கடி, சொறிந்துவிட்டுப் போய்விடலாம். ஒன்றுமட்டும் கடைசிவரை பழகவில்லை. சுருட்டை முடியும் சின்னக் கண்ணுமாக இருக்கும் மகள் அஃபியாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனால், காய்கறி வாங்க வந்த பெண்கள் குனிந்து அவளிடம் கேட்பார்கள்: "பாப்பா, இந்த ஆள் யாரு? உனக்குத் தெரிஞ்சவரா?" அஃபியா வீதியே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள்: "எங்கப்பா." ஆறு வயதுக்குள் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ.

பிப்ரவரியில் மெய்ஜென் தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அவள் இல்லை. முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு ஒபிரி பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டான். அவனுக்காகப் பேச இருந்தவளே போய்விட்டாளே.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அம்மாள் கெட்டவர் இல்லை. மெதுவாக, அவனுக்குப் புரியும்படி சொன்னார்.

"உங்க அனுமதி உங்க மனைவிய வெச்சுக் கொடுத்தது. அவங்க இப்ப இல்லை. பொண்ணு இந்த நாட்டுப் பிள்ளைதான், ஆனா ஆறு வயசுப் பிள்ளை உங்களுக்கு ஜாமீன் நிக்க முடியுமா? அவ பேரு யார் குடும்பப் பதிவேட்டுல இருக்கோ, அந்தாளு பதிவேட்டோட நேர்ல வரணும். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. தாயில்லாப் பிள்ளைய வளர்க்கத் தங்கணும்னு எழுதிக் கேளுங்க. கிடைக்கும்னு நான் சொல்லலை. கேக்கலாம்."

அஃபியாவின் பெயர் இப்போது மெய்ஜெனின் அண்ணன், மாமன் யோங்கானின் பதிவேட்டில் இருந்தது. பெயர் மட்டுமா, பிள்ளையே அங்கேதான் இருந்தாள். அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, ஒபிரியேதான்.

ஆப்பிரிக்காவில் அவன் பிறந்த குமாசிப் பக்கத்தில் பிள்ளை தாயின் குலம். தகப்பன் சோறு போடுவான், பெயர் வைப்பான், தோளில் தூக்கித் திரிவான். ஆனால் இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் தாய்மாமனைத்தான் கைகாட்டுவார்கள். பெண்டாட்டி செத்துப்போனால், அடக்கம் முடிந்ததும் ஒரு புட்டி மதுவோடு அவளுடைய அண்ணன் முன்னால் போய் நின்று, "பிள்ளை உங்களுடையது" என்று சொல்ல வேண்டும். மாமன் புட்டியை வாங்கிக்கொண்டு, "எங்கள் பிள்ளையை நீயே வளர்த்துக் கொடு" என்பான். சொல்லவேண்டியதை இவன் சொல்ல, கொடுக்கவேண்டிய பதிலை அவன் கொடுக்க, விஷயம் முடிந்தது. இதைச் செய்யாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறவனை அங்கே மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

மெய்ஜெனின் சாம்பலை அவள் ஊரில் புதைத்த மறுநாள் ஒபிரி அப்படித்தான் போய் நின்றான். இருப்பதிலேயே நல்ல புட்டியாக வாங்கியிருந்தான். இரண்டு கையாலும் நீட்டி, தனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னான்: "அண்ணே, பிள்ளை உங்க பிள்ளை." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தான்.

யோங்கான் புட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

அவர் ஊரில் பிள்ளை தகப்பன் வழி. தங்கை பெற்றது வெளிப்பிள்ளை. அப்படிப்பட்ட ஊரில் தகப்பனே வந்து, புதைத்த மண் காய்வதற்குள் பிள்ளை உங்களுடையது என்று புட்டியை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? கைகழுவுகிறான், அடுத்த விமானத்தில் ஏறப்போகிறான் என்றுதான் நினைப்பார்கள். பத்தாம் நாள் யோங்கான் வேனோடு வந்து அஃபியாவின் துணிமணிகளை இரண்டு பைகளில் போட்டார். ஒபிரி தடுக்கவில்லை. மாமன் வந்து கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அன்று வந்த வாடிக்கையாளர்கள் சரக்கை எடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

இப்போது கடையும் கைமாறிவிட்டது. அதே குமாசியிலிருந்து வந்த அதுசேயின் கிடங்கில்தான் ஒபிரி ஒண்டிக்கொண்டிருந்தான். அதுசேக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டா, நீ என்ன நம்மூர் அசாந்தி ராஜாவோட தர்பார்லயா நின்னுக்கிட்டிருந்தே? புட்டி எடுத்துட்டுப் போனானாம் புட்டி. அந்தாளு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பண்றவன். அவனுக்கு உங்க பாட்டன் பழக்கமெல்லாம் யாரு சொன்னா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"முறை இருக்கு. உன் பிள்ளை எங்க?"

ஒபிரி பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தான்.

"போ. போய்க் கால்ல விழுறியோ கையப் பிடிக்கிறியோ, அவனக் கூட்டிட்டு வா. இல்லேன்னா பத்தொன்பது நாள்ல உன்னை நான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடணும். டாக்சிக் காசு நீதான் கொடுக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

யோங்கானின் ஊர் ஷாவோகுவானுக்கும் வடக்கே, பஸ்ஸில் நாலரை மணி நேரம். யோங்கானின் பட்டறை சந்தைத் தெருவில் இருந்தது. வாசலில் கழற்றிப் போட்ட இன்ஜின்கள், உள்ளே தரையெல்லாம் கறுப்பு எண்ணெய். ஒபிரி தெருவில் கால் வைத்ததும் வாத்து விற்கிறவளிலிருந்து சீட்டாடுகிறவர்கள்வரை எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அஃபியா உள்ளேயிருந்து ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் ஒரு விரல்கடை வளர்ந்திருந்தாள். அவள் சீனத்தில் இந்த ஊர் இழுப்பு ஏறியிருந்தது. அவனிடம் மட்டும் வழக்கம்போல் அவன் தாய்மொழியான சுவியில் பேசினாள்.

யோங்கான் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் ஊருக்குப் போகலையா நீ?"

"போகலை, அண்ணே."

"டிக்கெட்டுக்குக் காசு வேணுமா?"

ஒபிரிக்கு முகம் சுண்டிவிட்டது. பஸ்ஸில் நாலரை மணி நேரமும் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்த சீனம் எல்லாம் எங்கோ போய்விட்டது. "எனக்கு என் பிள்ளை வேணும்" என்று மட்டும் வந்தது.

ஸ்பானர் தரையில் விழுந்தது. யோங்கான் எழுந்தார். "அன்னிக்குப் புட்டியக் கொண்டுவந்து நீட்டினியே, அப்ப எங்க போச்சு இந்த வாய்? தங்கச்சி சாம்பல் சூடு ஆறலை, பிள்ளைய எந்தலையில கட்டிட்டுப் போறான்னு தெருவே சிரிச்சுது. எம்பொண்டாட்டி ஒரு மாசம் வீட்ட விட்டு வெளிய போகலை. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? தங்கச்சி பெத்ததுன்னு தூக்கிட்டு வந்தேன்."

ஒபிரி சொன்னான். திக்கித் திணறி, தெரிந்த வார்த்தையெல்லாம் போட்டு, தெரியாத இடத்தில் கையைக் காட்டிச் சொன்னான். எங்கள் ஊரில் மாமன்தான் பெரியவர். அவரிடம் சொல்லாமல் பிள்ளையை வைத்துக்கொள்வது திருட்டு. நான் கொடுக்க வரவில்லை, கேட்க வந்தேன். நீங்கள் "நீயே வளர்" என்று சொல்வீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவனுக்கு வராத வார்த்தைகளை அஃபியா நடுவில் எடுத்துக்கொடுத்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்ததா இல்லையா, தெரியாது.

யோங்கான் குனிந்து ஸ்பானரை எடுத்து வைத்தார். கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அந்தப் புட்டிய நான் இன்னும் திறக்கலை," என்றார். "உன் மூஞ்சியில வீசணும்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"வீசுங்க, அண்ணே. ஆனா என்கூட வாங்க."

"உக்காரு மாப்ள. மொதல்ல சாப்பிடு." வருஷக்கணக்கில் மச்சான் முறை இருந்தும் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அரிசி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே யோங்கான் கணக்கு வழக்கில்லாமல் பேசினார். கோபம் இறங்கினால் அவர் அப்படித்தான் போலிருக்கிறது. செப்டம்பரில் அஃபியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இந்த ஊர்ப் பள்ளியில் எழுதிவைத்திருக்கிறார். சந்தேகம் பிடித்த ஆட்கள். வெளியூர்ப் பிள்ளையைக் கள்ளத்தனமாக நுழைக்கிறார்களா என்று பார்க்க அதிகாரி வீட்டுக்கே வருவாராம், பிள்ளையிடமே கேட்பாராம். "எல்லாம் தயார் பண்ணியாச்சு. கெட்டிக்காரி, ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டா. சரி, குவாங்சோவுல இடம் கிடைச்சா நீயே வெச்சுக்கோ. கிடைக்கலேன்னா இங்க படிக்கட்டும், நீ ஞாயித்துக்கிழமை வந்து போ. ரெண்டுல எதுவானாலும் நீ இந்த நாட்டுல இருந்தாத்தான் ஆகும். செவ்வாய்க்கிழமை பட்டறைய மூடிட்டு வர்றேன்."

ஒபிரிக்கு மனப் பாரம் இறங்கியது. பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக, இருந்துவிடலாம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை யோங்கான் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். நகத்தில் மட்டும் எண்ணெய் போகவில்லை. பழுப்பு அட்டை போட்ட பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அஃபியாவுக்கு மாமி புதுக் கவுன் போட்டு, சுருட்டை முடியைப் படாதபாடு பட்டு இரண்டு சடையாக்கி அனுப்பியிருந்தாள். அன்று அந்த அம்மாள் இல்லை. சீருடை போட்ட ஓர் இளைஞர் இருந்தார். எல்லாத் தாளையும் நிதானமாகப் பார்த்தார், இறப்புச் சான்றிதழைப் பார்க்கும்போது "வருத்தமா இருக்கு" என்றார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் யோங்கான் கையெழுத்துப் போட்டார், சிவப்பு மையில் கட்டைவிரலையும் வைத்தார்.

"தாயில்லாத பிள்ளையைத் தகப்பன் வளர்க்கிறார், அதுக்காகத் தங்கணும். சரிதானே?"

"ஆமா," என்றார் யோங்கான்.

"ஆமா," என்றான் ஒபிரி.

அந்த இளைஞர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பால் மிட்டாயை எடுத்து அஃபியாவிடம் நீட்டினார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கேட்டார். "நீ யார்கிட்ட இருக்கே, பாப்பா? உன்னை யாரு பாத்துக்கிறாங்க?"

அஃபியா மிட்டாயை வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சீருடையை நிமிர்ந்து பார்த்து, ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னாள்:

"நான் மாமா வீட்ல இருக்கேன். பொறந்ததுலேர்ந்து மாமாதான் என்னை வளர்க்கிறாரு. எங்கப்பா வெளிநாட்டுல இருக்காரு. அவரு இங்க வர்றதில்லை."

யோங்கான் பதறி முன்னால் வந்தார். "ஐயா, அது பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கூடத்துல கேப்பாங்கன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குழந்தைக்கு என்ன தெரியும்?"

"அப்ப அவங்ககிட்ட பொய் சொல்றீங்களா, எங்ககிட்ட பொய் சொல்றீங்களா?"

 யோங்கான் எதைச் சொன்னாலும் பள்ளி இடமோ ஒபிரியின் அனுமதியோ, ஒன்று போகும்.

"பிள்ளை ரெண்டு மாசமா எங்க தங்கியிருக்கா? அதையாவது நெஜமாச் சொல்லுங்க."

"எங்க வீட்ல," என்றார் யோங்கான். அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அந்த இளைஞர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பாஸ்போர்ட்டை ஒபிரியிடம் திருப்பிக் கொடுத்தார். கிளம்புவதற்கு ஏற்பாடு செய்ய முப்பது நாள் தருகிறோம், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். ஒபிரி எல்லா வார்த்தையையும் புரிந்துகொண்டான். அன்று பார்த்து ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. யோங்கான் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தண்டியுங்க, என்னை எழுதிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அஃபியா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை பேர் தங்களையே பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சுவியில் கேட்டாள்:

"அப்பா, நான் சரியாச் சொன்னேனா?"

ஒபிரி குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

"சரியாத்தான் சொன்னே, கண்ணு," என்றான். "ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை."