மணவறையை விட்டு எழும்பாத தகப்பன்

மகளின் கல்யாண ஆல்பம் போன வாரம் வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “அண்ணை, எல்லாப் படத்திலயும் ஏன் கீழ இருக்கிறியள்?”

சொல்கிறேன்.

எனக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். (அதையே எழுதி எழுதி உங்களை வதைத்தேனே!) இங்கே லண்டன் ஆஸ்பத்திரியில் பயிற்சி தந்தவள் ரஞ்சினி. பிசியோதெரபி உதவியாளர், யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பிள்ளை.

முழங்கால் கிடக்கட்டும்... எனக்கு ஒரே மகள். மணவறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளைத் தாரை வார்க்க வேண்டாமா? “கதிரை போடுவம்” என்றார் ஐயர். நாற்காலியில் உட்கார்ந்தா மகளைக் கொடுப்பது?

ரஞ்சினியிடம் கேட்டேன். “பிள்ளை, சம்மணம் கட்டப் பழக்கி விடன்.”

“ஏலாது அங்கிள். பிளானில இல்லாததை நான் செய்விக்கக் கூடாது. ஜேன் பார்த்து ஓம் எண்டு சொல்லவேணும்.”

ஜேன் அவளுடைய சூப்பர்வைசர், வெள்ளைக்காரி. வந்து காலை மடக்கிப் பார்த்தாள். சரி, ஆனால் ரஞ்சினி கை வைக்கும்போதெல்லாம் தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். அதற்கென்ன? கல்யாணத்துக்கே அழைத்துவிட்டேன்!

லண்டன் ஓரத்துச் சட்டனில் கல்யாண ஹால். நீலச் சேலையில் வந்து மணவறையோரம் நின்ற ஜேனைக் காட்டி, “இவதான் கலியாணம் பதியிற ரெஜிஸ்ட்ராரோ?” என்று கேட்டார் சம்பந்தியம்மா.

ஜேன் தலையசைக்க, ரஞ்சினி பிடிக்க, நான் மெல்ல மெல்ல... உட்கார்ந்தே விட்டேன். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தபோது அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே.

தாலி கட்டியாயிற்று. அறுகரிசி தூவி வாழ்த்தியும் ஆயிற்று. “சரி பிள்ளை, எழுப்பி விடு.”

ரஞ்சினி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜேனைக் காணவில்லை.

“எங்க போட்டா?”

“ஆன்ரி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போட்டா.”

ஆன்ரி என்றால் வேறு யார், என் மனைவிதான்! வந்த விருந்தாளியைச் சாப்பிட வைக்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

“அப்ப நீயே தூக்கன்.”

“அவ இல்லாமல் நான் தொட்டா என்ர வேலை போயிடும் அங்கிள்.”

“தம்பியவையைக் கூப்பிடட்டே?”

“ஐயோ, பழக்கமில்லாத ஆக்கள் தொடவே கூடாது!”

போட்டோக்காரர் காத்திருப்பாரா? சவுத்தால் சொந்தக்காரர், ஆபீஸ் நண்பர்கள் என்று வரிசையாக வந்து மணமக்களோடு நின்றார்கள். நடுவில், கீழே, நான். ஜேனைக் கூப்பிடப் போனவர்களை, “சாப்பிட்டு முடிக்கட்டும்” என்று என் மனைவி திருப்பி அனுப்பிவிட்டாள்; ஜேன் இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினாளாம்.

விதிமுறை எழுதுகிற வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள் — நம் வீட்டு உபசாரத்தைத் தவிர.

நேற்று ஆல்பம் பார்த்த சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம், மகளைப் பிரிய மனமில்லாமல் மனுசன் எழும்பவேயில்லை!”

தயவுசெய்து இந்தப் பத்தியை அவரிடம் காட்டிவிடாதீர்கள்.