பாண்டிச்சேரியில் குடித்த சைகோன் சூப்

அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று நான் ஏன் கேட்கவில்லை? நான்கு மாதமாக யோசிக்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது. சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். எடை குறைந்துகொண்டே வந்ததால் சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "வியாதி எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிட வையுங்கள்" என்றார். ஒரு வருடமாக அதைத்தானே முயன்றுகொண்டிருக்கிறேன்!

என் கணவர் சுரங்கத்தில் வேலை பார்க்கும் நெய்வேலிக்குத் திரும்பும்போது பாண்டிச்சேரியில் பஸ் மாற வேண்டியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. விளக்கு வைக்கும் வேளை. வியட்நாமின் சைகோனிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாள் நடத்தும் சின்ன ஓட்டலில் எங்களை உட்கார வைத்துவிட்டு, என் கணவர் பஸ் விசாரிக்கப் போனார்.

"இன்னாம்மா, புள்ள இப்படி வாடிக்கினு கீது?" என்ற அந்த அம்மாள், நான் எதுவும் கேட்குமுன் ஒரு கிண்ணத்தை வைத்தார். தெளிந்த சூப்பில் இடியாப்பம் போல வெள்ளை நூல்கள். மேலே கிள்ளிப்போட்ட புதினா. அதோடு, நாம் ரசத்துக்குத் தாளிப்பது போலவே கடுகும் கறிவேப்பிலையும். வாசனை மட்டும் எங்கள் வீட்டு வாசனை இல்லை. நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத குடும்பம். கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மகள் ஒரு நூலைப் பிடித்து உறிஞ்சிவிட்டாள்.

"அம்மா, இன்னும்."

சாப்பாட்டு வேளையில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கிண்ணம் காலியாகும் நேரத்தில் கணவர் வந்தார்.

"இடியாப்பம் சாப்பிட்டா" என்றேன். அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

உறுத்தல் தாங்காமல் ஒரு வாரம் கழித்து, அது கறி சூப்பாகத்தான் இருக்கும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அன்னைக்கே தெரியும். மைன்ஸ் கேன்டீன்ல பக்கத்துல உக்கார்றவன் டப்பாவைத் தெறந்தா வர்ற வாசனைதானே?"

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"அவ கிண்ணத்தை நக்கிக்கிட்டிருந்தா. புடுங்கச் சொல்றியா?"

இப்போது காய்கறி வேகவைத்த நீரில் மிளகு தட்டிப் போட்டு, தாளித்து, இடியாப்பத்தை உதிர்த்துக் கொடுக்கிறேன். பாதிக் கிண்ணம் சாப்பிடுகிறாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. மீதியைத் தள்ளிவிட்டு, "அந்தக் கடைக்குப் போலாம்" என்கிறாள்.

அடுத்த மாதம் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். அதே ஊரில்தான் பஸ் மாறுவோம். பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள சகோதரிகளே, அவளை அங்கே அழைத்துப் போகலாமா? இல்லை, வீட்டுக் கிண்ணத்தையே அவள் முழுதாகக் குடிக்க இன்னும் என்ன சேர்க்கலாம்? தயவுசெய்து எழுதுங்கள்.