தட்டு தூக்க ஒரு ஆள் தேடி மரக்காணத்துக்கு

சனிக்கிழமை, காலை 5.10. புதுச்சேரி பேருந்து நிலையம். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டியின் ஓட்டுநர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். மரக்காணம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். இந்த முப்பத்தைந்து கிலோமீட்டரைக் கடக்கச் செல்வத்துக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

செல்வம் இருபத்தாறு வயது திருநம்பி. பெண் குழந்தை என்று சொல்லி வளர்க்கப்பட்டு, ஆணாக வாழ்கிறவன். பாண்டியில் செல்போன் பழுது பார்க்கிறான். அடுத்த ஞாயிறு அவனுக்கும் நித்யாவுக்கும் நிச்சயதார்த்தம், என் தையல் கடை மாடியில். நித்யாவின் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், சம்மதமும்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "உன் பக்கத்துல இருந்து சொந்தம்னு ஒருத்தராவது தட்டு தூக்கிக்கிட்டு வரணும்பா. இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்."

எங்கள் குழுவில் எட்டுப் பேர். திருநங்கைகள் மூவர், மற்றவர்கள் என்னையும் செல்வத்தையும் போல விதவிதமாக. இந்தத் தட்டுக்காக மூன்று கூட்டம் போட்டோம். ஒருவர் செல்வத்தின் அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம் என்றார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவர், ரத்த சொந்தம் என்பதையே நாம் கேள்வி கேட்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டோம். தட்டு தூக்க ஆள் கிடைக்கவில்லை. நேரில் போய்க் கேட்கிறேன் என்று நான் சொன்னதும், 'பெற்றோர்களுக்கு' என்று அச்சடித்த துண்டறிக்கைகள் இருபதை என் பையில் திணித்து அனுப்பினார்கள். இருக்கிறது ஒரே ஒரு பெற்றோர், அதற்கு இருபது.

5.30. ஒரு வழியாக வண்டி நகர்ந்தது. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. நடத்துனர் எங்களைப் பார்த்து, "அம்மாவும் புள்ளையுமா மரக்காணம்?" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயதுதான். அந்த எரிச்சல் கூனிமேடு வரை தணியவில்லை. செல்வம் சிரிக்கவுமில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே வந்தான்.

6.40. மரக்காணம். செல்வத்தின் அம்மா வேலை செய்யும் உப்பளத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு இறங்கினார். "போட்டோ எடுக்கவா?"

"இல்லீங்க."

"பின்ன அங்க இன்னா வேல? எல்லாரும் போட்டோ எடுக்கத்தான் வர்றாங்க."

7.00. போட்டோ எடுக்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பெங்கும் வெள்ளைக் குவியல்கள். நின்று பார்த்தால்தான் கண் எரிகிறது. இங்கே வேலையில் ஆண், பெண் என்று பிரிவு உண்டு. ஆண்கள் நீளக் கழி வைத்த பலகையால் உப்பை வாரி ஒதுக்கி, கூடையில் நிரப்பி, தூக்கிவிடுவார்கள். பெண்கள் சும்மாட்டின் மேல் அதை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய குவியலில் கொட்டுவார்கள். செல்வம் பதினாலு வயதிலிருந்து இதே களத்தில், பெண்கள் வரிசையில், கூடை சுமந்தவன்.

அம்மா அஞ்சலை எங்களைப் பார்த்துவிட்டார். நிற்கவில்லை. தலையில் கூடையோடு எங்களை இரண்டு முறை கடந்து போனார். மூன்றாவது முறை வருவதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

"யாருமா இது? களத்துல வந்து நிக்கறாங்க?"

அஞ்சலை செல்வத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "எந்தம்பி மவன். பிரம்மதேசத்து ஊர்ல இருக்கறானே, அந்தத் தம்பி."

"உந்தம்பிக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்கதான?"

"அதுங்களுக்கு மூத்தது இது. பாண்டியில வளந்துது."

கூடை வரிசை அப்படியே நின்றுவிட்டது. மேஸ்திரி செல்வத்தின் முகத்தையே பார்த்தார். எட்டு வருடம் தன்னிடம் வேலை செய்த பிள்ளையை அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. நான் சண்டைக்குத் தயாரானேன்.

"மூஞ்சி அப்படியே அத்தைய மாரி இருக்குது" என்றார் மேஸ்திரி. "ஏம்பா, சும்மா நிக்கறதுக்குக் கூடையத் தூக்கி வுடு. இன்னிக்கி ரெண்டு ஆளு வரல."

செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு பெண்ணுக்கும் கூடையைத் தூக்கிவிட்டான், அம்மாவுக்கும். நான் வரப்பில் உட்கார்ந்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

9.30. வேலை ஓய்ந்தது. அஞ்சலை தூக்குவாளியைத் திறந்தார். நான் துண்டறிக்கையை நீட்டி, பாலினம் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நான்கு துண்டு கருவாட்டை அதில் வைத்து மடித்துச் செல்வத்திடம் கொடுத்தார். "சூடு பண்ணி சாப்புடு."

இனி சுற்றி வளைத்துப் பயனில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம நிச்சயம். அம்மாவா நீங்க வந்து தட்டு வைக்கணும்."

"அம்மாவா வர மாட்டேன்" என்றார். "எம் பொண்ணு மெட்ராஸ்ல வேலைல இருக்குதுன்னு ஊரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். அது அங்கயே இருக்கட்டும். அத்தையா வரேன். தம்பி மவனுக்கு அத்த தட்டு தூக்கறது மொறதான? எவ கேப்பா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இது என்ன பேச்சு? வாயைத் திறப்பதற்குள் செல்வம் முந்திக்கொண்டான்.

"எத்தன தட்டு?"

"ஒம்போது. கொறஞ்சா அசிங்கம்டா."

11.20. திரும்பும் வண்டியில் கொட்டித் தீர்த்தேன். "நாம இத்தன வருஷம் பேசறது எதுக்கு? உன்னைப் பெத்ததையே இல்லைன்னு சொல்றாங்க, நீ தட்டுக் கணக்கு கேக்கற."

"அந்தக் களத்துல அத்தினி பேருக்கும் நான் யாருன்னு தெரியும்கா" என்றான். "யாராச்சும் ஒருத்தர் என்னைப் பொண்ணுன்னாங்களா?" பிறகு, "ரெஜினாக்காவ உங்கம்மா இன்னான்னு சொல்றாங்க?" என்றும் கேட்டான்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரெஜினா டீச்சரும் நானும் பதினோரு வருடமாக ஒன்றாக வாழ்கிறோம். கீழ் வீட்டில் அம்மா, மாடியில் நாங்கள். தெரு முழுக்க அம்மா சொல்லி வைத்திருப்பது, மாடியில் டீச்சர் குடித்தனம் இருக்கிறாள், துணைக்குத் தன் மகள் மேலே படுத்துக்கொள்கிறாள் என்று. கூட்டங்களில் எழுந்து நின்று உரக்கப் பேசுகிற நான் இதை ஒரு நாளும் மறுத்ததில்லை.

மதியம் 1.10. முத்தியால்பேட்டை, வீடு. அம்மா ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி போன? மாடியில குடித்தனக்காரப் பொண்ணு உனக்காக இன்னும் சாப்புடாம உக்காந்திருக்குது."

களைப்பா, வெயிலா, செல்வம் மேல் கோபமா, தெரியவில்லை. "அவ குடித்தனக்காரி இல்லம்மா" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "பதினோரு வருஷத்துல ஒரு நாள் வாடகைன்னு கேட்டிருப்பனா நானு? போயி அவளக் கூப்புடு, சோறு ஆறுது."