ஆட்டத்தை நிறுத்தப் பார்த்த பிளம்பர்

எந்தக் குழாயில் எங்கே கசிகிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவார் பிளம்பர். அதே மூக்கோடுதான் தாய்லாந்துக் குத்துச்சண்டையின் விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். டிப்போவுக்குப் பின்னாலிருந்த பயிற்சிக்கூடத்துக்கு முதுகுவலி தீரட்டும் என்று போனவள், இப்போது போட்டியில் இறங்கப்போகிறேன் என்று நின்றாள். கை, கால் மட்டுமல்ல, முழங்கை, கால்முட்டி எதனாலும் அடிக்கலாமாம்! வேண்டாம் என்று கரடியாய்க் கத்திப் பார்த்தார். சொன்னால் கேட்கிற ஆளா அவள்? புத்தகத்தில் ஏதாவது ஒரு விதியாவது குறுக்கே நிற்காதா என்று தேட ஆரம்பித்தார்.

"உனக்கு வயசு தாண்டிப்போச்சு," என்றார் முதலில்.

"இன்னும் தாண்டலைங்க. அடுத்த வரியப் படிங்க."

அடுத்த வரி, டாக்டர் சான்றிதழ். அவள் நெஞ்சைச் சோதித்து "பிரமாதம்" என்ற டாக்டர், கூடப் போன பிளம்பரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் கவலைப்பட்டார். எடை கூடினால் சேர்க்கமாட்டார்கள் என்று படித்ததும் பேக்கரியிலிருந்து கேக்காக வாங்கி வந்து குவித்தார். அவள் தொடவில்லை. வீணாக்க மனமில்லாமல் இவரே தின்றதில் இவர் பேண்ட்தான் இறுகியது. இப்படி ஓட்டை தேடித் தேடியே புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. பல்லுக்கு உறை வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், எண்ணெய் வழிய வழியப் பூசக்கூடாது, எதைக் கேட்டாலும் சொல்வார். பயிற்சியாளருக்கோ புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி வரும். "அண்ணே, நீங்களே எங்கூட கோதா மூலையில நில்லுங்க. சுற்று முடிய முடியத் தண்ணி குடுக்க, வாளி தூக்க ஆள் வேணும்," என்றார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

போட்டி நாளன்று சோதனை மேசையில் சிக்கல் வந்தது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. கல்யாண மோதிரமோ கழலவில்லை. சோப்பு போட்டார்கள், நூல் சுற்றி இழுத்தார்கள், விரல் சிவந்ததுதான் மிச்சம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பிளம்பருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"கழட்டலேன்னா இறங்க முடியாது. வீட்டுக்குப் போய் வேற வேலையப் பாரும்மா," என்றார் மேசைக்காரர்.

எதிரே வரும் லாரிக்காரனை ஒரே முறைப்பில் ஒதுங்க வைக்கிற அவள் கண்கள் நிறைந்துவிட்டன. பிளம்பருக்குத் தாங்கவில்லை. "என்ன வேலைய்யா பாக்கச் சொல்றே எம்பொண்டாட்டிய?" என்று எகிறிவிட்டு, வண்டியிலிருந்து கருவிப்பையை எடுத்துவந்தார். விரலில் ஒரு கீறல் விழாமல் மோதிரத்தை அவரே அறுத்தெடுத்தார்.

முதல் இரண்டு சுற்றும் அவள் பக்கம். "முட்டியால இடி! முட்டியால!" என்று பிளம்பர் தொண்டை கிழியக் கத்தினார். பதற்றத்தில் வாளித் தண்ணீரில் பாதியைக் குடித்தார், பாதியைக் கோதாவுக்குள் சிந்தினார். கடைசிச் சுற்றில், விழாமல் நின்றாலே வெற்றி என்ற நேரத்தில், அவர் சிந்திய தண்ணீரிலேயே கால் வழுக்கி அவள் மல்லாந்தாள். யானைக்கும் அடி சறுக்கும். வழுக்கி விழுந்தால் கணக்கில் சேராது, எழுந்து ஆடலாம். அது பிளம்பருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்குள் கயிற்றுக்குள் புகுந்து கோதாவின் நடுவில் மண்டியிட்டு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா அடிபட்டுச்சு?"

நடுவர் இரண்டு கைகளையும் வீசி ஆட்டத்தை முடித்தார். சுற்று நடக்கும்போது மூலைக்காரர் உள்ளே வந்தால் அந்தப் பக்கம் தோற்றது. மாதக்கணக்காக நிறுத்தப் பார்த்தும் நிற்காத ஆட்டம், ஜெயிக்க வேண்டுமே என்று அவர் துடித்த நாளில், அவராலேயே நின்றது.

அவள் படுத்தபடியே பல்லுறையைத் துப்பினாள். "இந்த விதியப் படிக்கலையா நீங்க?"

"படிச்சேன்." பிளம்பருக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கையுறையாலேயே அவர் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த தடவை டிக்கெட் வாங்கிக்கிட்டு கடைசி வரிசையில உக்காருங்க."

பிளம்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த போட்டி எப்போது என்று நடுவரிடம் கேட்டார்.