மிதவைக்கு அடியில்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது அந்த மின் நிலையத்தில் வேலையில் இல்லை. எல்லாருக்கும் அவர் கடுகு. ஆள் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. கோபம் மட்டும் ஏழடி. பத்தொன்பது வருடமாக அங்கே டைவர், கடலுக்குள் மூழ்கி வேலை செய்கிறவர். இயந்திரங்களின் சூடு தணிய நிலையம் ஓயாமல் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகிற வாயில் ஓர் இரும்பு வலை. அதில் வந்து அப்பிக்கொள்வதை, முக்கியமாகச் சொறியை, இறங்கி வழித்தெடுப்பது அவர் வேலை. படித்தவர்கள் ஜெல்லி மீன் என்பதைத்தான் கடலில் இறங்குகிறவர்கள் சொறி என்கிறார்கள்.

அந்த வருடம் சொறி வந்தது என்று சொன்னால் போதாது. படையெடுத்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை வலை அடைபட்டு, மூன்று முறையும் நிலையம் நின்றது. மேலே இருக்கிறவர்களுக்கு உருட்ட ஒரு தலை தேவைப்பட்டது. எப்போதும் குட்டையான தலைதானே கைக்கு எட்டும்? "வலையைச் சுத்தம் செய்வதில் தொடர்ந்து கவனக்குறைவு. உம்மை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது? வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரவும்" என்று ஒரு தாள் வந்தது.

கவனக்குறைவாம். முழங்கை வரை கொப்புளத்தோடு ஒரே நாளில் ஆறு தடவை இறங்கியவருக்கு இந்தச் சொல். தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

முன்னறையில் மனைவி மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு யாரைக் கடிச்சுட்டு வரீங்க?"

"கடல் பூரா சொறி. அது என்ன, நான் பெத்துப் போட்டதா?"

"அதுதான் வருஷா வருஷம் சொல்லி வெச்ச மாதிரி வருதே. இதுல என்ன புதுசு?"

"என்ன சொல்லி வெச்ச மாதிரி?"

அவள் சுவரைக் காட்டினாள். ஐந்து வருடத்து நாட்காட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே ஆணியில் தொங்கின. துணி கொடுக்க வேண்டிய தேதிகளை அதில்தான் குறிப்பாள், அதனால் எதையும் தூக்கிப் போடுவதில்லை. சொறி பட்டுக் கொப்புளித்த கணவர் கையில் ஊற்ற வினிகர் வாங்கிய நாட்களுக்கும் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்திருந்தாள்.

"வருஷத்துல ஒரு மாசம் நிலையத்தை மூடிப் பராமரிப்பு பாப்பீங்க. அந்த மாசம் பூரா சீக்கிரம் வந்து என் உயிரை எடுப்பீங்க. மறுபடி தொறந்த ஆறாவது வாரம் நான் வினிகருக்குக் கடைக்கு ஓடுவேன். பாருங்க, அஞ்சு வருஷமும் அப்படித்தான்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஒரு வருடம்கூடத் தப்பவில்லை.

மறுநாள் காலையில் நாட்காட்டிகளைச் சுருட்டிக்கொண்டு, நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் பெண்ணிடம் போனார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சொறி அப்படியே சொறியாப் பொறக்கறதில்லண்ணே. முட்டையிலேருந்து வர்றது நிழலான, வழவழப்பான இடமாப் பாத்து ஒட்டிக்கும். அரிசி அளவுதான் இருக்கும். வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். தண்ணி குளுந்து திரும்ப சூடாச்சுன்னா அதுக்குப் பருவம் வந்துடுச்சுன்னு அர்த்தம். தட்டு தட்டாப் பிரிஞ்சு, ஒவ்வொரு தட்டும் ஒரு சொறியா நீந்திப் போயிடும். நாம மூடும்போது வெந்நீர் வெளிய போறது நிக்குது, தொறந்தா மறுபடி போகுது. நாமளே மணி அடிச்சுக் கூப்பிடறோம். ஊர்ச் சாக்கடையும் அங்கதான் விழுது, தீனிக்குப் பஞ்சமில்ல. ஆனா எங்க ஒட்டியிருக்குன்னுதான் தெரியல."

அவருக்குத் தெரிந்துவிட்டது. வெந்நீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், பெரிய அதிகாரிகள் படகில் வந்து இறங்குவதற்கென்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிளாஸ்டிக் மிதவைப் பாலம் போட்டிருந்தார்கள். நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்குச் செல்லப் பிள்ளை அது. இரண்டு தடவைதான் யாரோ வந்து இறங்கினார்கள். சங்கிலி மாட்டக் கடுகு எத்தனையோ முறை அதன் அடியில் போயிருக்கிறார். வெள்ளையாகப் பூத்துத் தொங்கியதைப் பாசி என்று நினைத்திருந்தார். நம் வேலை வலை, நமக்கெதற்கு மிதவை என்றும் நினைத்திருந்தார்.

அன்றே இறங்கினார். கண்ணை மிதவைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது. அடிப்பக்கம் முழுக்க அரிசி இறைத்ததுபோல் அதுதான். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி சில இன்னும் அடுக்கடுக்காக இருந்தன. மேல் தட்டு ஒன்று துடித்துத் துடித்துப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பலகையைக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். 'யாருடா கவனக்குறைவு?' என்று கேட்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் கால் நின்றது. எதிரே தள்ளுவண்டி வந்தது. காலையில் வலையிலிருந்து வழித்த சொறியை, கிழிந்ததும் நசுங்கியதுமாக, மிதவைக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். முன்பெல்லாம் அதைப் பின்பக்கத்து மணலுக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவார்கள், அரை மணி நேர நடை. 'எதுக்கு அவ்வளவு தூரம், இங்கேயே தள்ளிடலாமே' என்று பதினோரு வருடத்துக்கு முன் யோசனை சொன்னவர் கடுகுதான். சிறந்த யோசனை என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அது சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிறது.

வாளியோடு சோதனை அறைக்கே திரும்பிப் போய்க் கேட்டார். "கிழிஞ்ச சொறிக்குள்ள முட்டை இருக்குமா?"

"இருக்கும்ணே. கிழிஞ்சாலும் முட்டை சாகாது," என்றாள். பதினோரு வருடம் தன் கையால் விதைத்துவிட்டுத் தானே அறுவடை செய்திருக்கிறார். பொறியாளர் மேல் வந்த கோபத்தைவிட அது பெரிய கோபம். திட்டுவதற்கு எதிரில் ஆளில்லாத கோபம்.

வெள்ளிக்கிழமை வாளியைப் பொறியாளரின் மேசை மேல் வைத்தார். கொட்டிய கதையை மறைத்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கொட்டற யோசனை என்னோடது, சார். பத்திரத்துல கையெழுத்து உங்களோடது. மிதவையும் உங்களோடது. இனிமே கடல்ல கொட்ட வேணாம். மிதவையைத் தூக்கிக் கரையில போட்டு வெயில்ல காய வைங்க."

பொறியாளர் வாளியை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "வாரியத் தலைவர் அடுத்த மாசம் அதுல வந்து இறங்கறார். தூக்க முடியாது. நீ இறங்கி அடியில சுரண்டி விட்டுடு. நோட்டீஸை நான் பாத்துக்கறேன்."

"தண்ணிக்குள்ள சுரண்டினா துணுக்கெல்லாம் போய் வேற இடத்துல ஒட்டி வளருமாம் சார். தண்ணி சோதிக்கற மேடம்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"வேலை வேணுமா வேணாமா?"

"பதினோரு வருஷம் தெரியாம செஞ்சேன். தெரிஞ்சு ஒரு நாள்கூடச் செய்ய மாட்டேன்."

அன்று மாலையே வேலை போனது. விசாரணை அறிக்கையில் கடுகு கொட்டச் சொன்ன யோசனை மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. மிதவையைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளியிலிருந்து இரண்டு டைவர்களை வரவழைத்து அடியைச் சுரண்டினார்கள். தலைவர் வந்து இறங்கி, படம் எடுத்துக்கொண்டு போனார்.

கடுகு துறைமுகத்தில் படகுகளின் அடியைக் கழுவப் போனார். பத்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் புது வருடத்து நாட்காட்டியை மாட்டினார். நிலையத்தை மூடித் திறந்த நாளில் மனைவி கேட்காமலே ஒரு கோடு போட்டாள்.

ஆறாவது வாரம், ஒரு முற்பகல். தைத்துக்கொண்டிருந்த மெஷின் பாதித் தையலில் நின்றது. மின்விசிறியும் சுற்றி ஓய்ந்தது. இருவரும் நாட்காட்டியைப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"கடுகு, கொஞ்சம் வர முடியுமா? வலை பூரா அடைச்சுடுச்சு. இந்தப் பசங்களால முடியல." பொறியாளரின் குரல்.

"மிதவை எங்க இருக்கு, சார்?"

"தண்ணியிலதான்."

"அது கரையில கிடந்து காயறதை நான் என் கண்ணால பாக்கணும். அப்பறம் இறங்கறேன்."

வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. மனைவி சக்கரத்தைக் கையால் சுற்றி மீதித் தையலைத் தைக்க ஆரம்பித்தாள்.