கெட்டில் இறுகிய நாள்

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் முதல் வேலை. பூதலூருக்கு அப்பால், வயல்களை ஒட்டியிருந்த சிறிய தொழிற்சாலை அது. பெயின்டுக்கான ரெசின் என்ற பிசினைக் காய்ச்சுவோம். எண்ணெய், கிளிசரின், அமிலம் எல்லாம் கெட்டில் என்ற பெரிய உலையில் கொதிக்கும். மூலக்கூறுகள் இணையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியேறி அந்தக் குழாயில் சேரும். அப்படி இணைந்து இணைந்து ரெசின் கெட்டிப்படும். நேரத்தில் நிறுத்தாவிட்டால் உலைக்குள்ளேயே இறுகிவிடும். கெமிஸ்டாக இருந்த எனக்கு அந்தப் பயத்தில் சோறு இறங்காது.

கெட்டிலை ஓட்டியவரை எல்லோரும் பாய் என்போம். என் வயதுக்காரர்தான். "நெல்லு பால் முத்துற மாதிரிதான் மேடம்" என்று வெளியே கதிர்களைக் காட்டுவார். உண்மைதான். அங்கேயும் சர்க்கரை மூலக்கூறுகள் நீரை விட்டுவிட்டுத்தான் மாவுச்சத்தாகக் கோத்துக்கொள்கின்றன. ஆனால் நெல்லுக்கு எங்கே நிற்பதென்று தெரியும்.

ஒரு பிற்பகல் குழாயில் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகச் சேர்ந்தது. பாய் கம்பியால் தொட்டெடுத்த ரெசின் நூலாக நீண்டது.

"நிறுத்திடலாம் மேடம். இதுக்கு மேல தாங்காது."

"டெஸ்ட்ல இன்னும் அமிலம் அதிகமா இருக்கு பாய். பத்து நிமிஷம் பாப்போம்."

மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது என்பதே என் கவலை. பாய் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துக் குளிர்நீர் வால்வைத் திறந்துவிட்டார்.

ரெசின் இறுகவில்லை, ஆனால் தரத்தில் தேறவுமில்லை. யார் நிறுத்தியது என்று மறுநாள் மேனேஜர் கேட்டார். "நான்தான் சார்" என்றார் பாய். இறுகப்போவதை நானும் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே துபாய் போய்விட்டார்.

அதே மூலப்பொருள் சரக்கில் அடுத்த உலை காய்ச்சியபோது டெஸ்ட் அளவு வரட்டும் என்று காத்திருந்தேன். உலைக்குள் சுழலும் கலக்கி முனகி நின்றது. உள்ளே ரப்பர் போல ஒரே கட்டி. ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி உளியால் வெட்டியெடுக்க ஒரு வாரமானது. மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பாய்க்குப் போன் செய்தேன்.

"அன்னிக்கு நீங்க செஞ்சதுதான் சரி பாய். நான்தான் வாயத் தொறக்கல."



"இறுகுனப்போ பக்கத்துல யாரு நின்னா மேடம்? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல பாய்."

"அது போதும்" என்றார். எனக்குத்தான் அது போதவில்லை. இன்று அந்தப் பிரிவுக்கு நானே பொறுப்பு. ஆபரேட்டர் நிறுத்தலாம் என்றால், டெஸ்ட் தாளைப் பார்க்காமலே தலையாட்டிவிடுகிறேன்.